கடைவாசலுக்கு வெளியே: கனடாவில் ஒரு லெபனான் குடும்பம்



சென்ற மாதம் மஃரிபுக்குப் பின் நம் சங்கத்தில் கூடியிருந்தபோது பெரியவர் ஒருவர் மனம் நொந்து ஒன்று சொன்னார். "நாற்பது வருஷம் கடையைக் கட்டிக் காத்தேன். மூன்று பிள்ளைகளில் ஒருத்தனும் வந்து உட்கார மாட்டேன் என்கிறான். அப்போ நான் பட்ட பாடெல்லாம் யாருக்கு?" என்றார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அங்கே இருந்த பாதிப் பேருக்கு அதே கவலை. என் மகனும் தாதி வேலைக்குப் படிக்கிறான். மிளகாயும் மல்லியும் நிறுப்பதில் அவனுக்கு நாட்டமில்லை.

இந்த மாதப் பாடத்தை எழுதும் முறை எனக்கு வந்தது. நான் மதரஸாவில் ஓதியவன், தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். என் தங்கை மகன் ஆங்கிலத்தில் படித்துச் சொல்ல, நான் கேட்டுக் குறிப்பெடுத்து இதை எழுதுகிறேன். நம்மைப் போலவே கடல் கடந்து போய்க் கடை வைத்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கதை இது. ஊர் கனடா. வந்தவர்கள் லெபனான்காரர்கள். குடும்பத்தின் பெயர் ஷாபன். அவர்களைச் சொல்லுமுன் அவர்கள் வந்த வழியைச் சொல்ல வேண்டும்.

கனடாவின் மேற்கே ஆல்பர்ட்டா என்று ஒரு மாகாணம். 1905ல்தான் அது மாகாணம் ஆயிற்று. கோதுமை வயல், மாட்டுப் பண்ணை, வடக்கே போனால் காடும் ஏரியும். குளிர்காலத்தில் மூச்சு விட்டால் மீசையில் பனி உறையும் நாடு. அங்கே முதலில் போய்ச் சேர்ந்த முஸ்லிம்கள் பெரும்பாலும் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்கள். லாலா, கிர்பத் ரூஹா என்ற கிராமங்களின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அந்நாளில் லெபனான் தனி நாடு இல்லை. துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்த சீமை அது. வரியும், பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பதும் தாங்காமல் பலர் புறப்பட்டார்கள். சம்பாதித்துக்கொண்டு திரும்பி விடலாம் என்று எண்ணித்தான் சபர் போனார்கள். இது நமக்குத் தெரிந்த எண்ணம்தான். எங்கள் அத்தாவும் இரண்டே வருஷம் என்று சொல்லிவிட்டுத்தான் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார்.

அலி அபூஷாதி என்ற சிறுவன் பன்னிரண்டு வயதில் தன் மாமாவோடு அங்கே போய்ச் சேர்ந்தான். வடக்கே கிளோண்டைக்கில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனார்கள். போய்ச் சேர்ந்தபோது அந்தத் தங்க வேட்டை முடிந்து சில வருஷம் ஆகிவிட்டது! கையில் காசில்லை, பாஷை தெரியாது. மற்ற லெபனான்காரர்கள் செய்ததையே செய்தார்கள். மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கு வாங்கி, மூட்டையாகக் கட்டி, முதுகில் சுமந்து, பண்ணை பண்ணையாக நடந்தார்கள். ஊசி, நூல், பொத்தான், துணி, சீப்பு, கண்ணாடி. ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே பல மைல். இரவானால் அதே வீட்டில் படுக்க இடம் கேட்க வேண்டும். விலை கூட்டிச் சொன்னவனுக்கு அடுத்த முறை படுக்க இடம் கிடைக்காது. வியாபார நேர்மையை இதைவிட நன்றாகக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

மூட்டை, பிறகு குதிரை வண்டி, பிறகு இரயில் பாதை ஓரத்தில் ஒரு கடை. இதுவே அவர்களின் ஏணி. வடக்கே போனவர்கள் கிரீ என்ற பூர்வகுடி மக்களோடு உரோமத் தோல் வியாபாரம் செய்தார்கள். கிரீ பாஷையைக் கற்றுக்கொண்டார்கள். அலி அபூஷாதியும் அதில் பேச வல்லவரானார். லாக் லா பீஷ் என்ற ஏரிக்கரை ஊரில் கடை வைத்துப் பெரிய ஆளானார். ஆனால் ஊருக்குள் அவர் பெயர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் என்று ஆகிவிட்டது. இதைக் கேட்டதும் எனக்கு முகம் சுளித்தது. பெயரை விற்றா வியாபாரம் செய்வது என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், வாடிக்கையாளர் வாயில் நுழையவில்லை என்று அப்துல் காதரை "காதர் பாய்" ஆக்கியும் ஷாகுல் ஹமீதை "சாவுல்" ஆக்கியும் நாமும் பேசாமல்தானே இருக்கிறோம். அவர் பெயரை மாற்றிக்கொண்டாரே தவிர மார்க்கத்தை மாற்றவில்லை. லாக் லா பீஷில் லெபனான் முஸ்லிம்கள் பெருகி, 1958ல் அங்கே பள்ளிவாசலும் வந்தது.

இவர்களை அந்நாட்டுச் சர்க்கார் கைநீட்டி வரவேற்றது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆசியாவிலிருந்து வருகிறவன் கையில் 200 வெள்ளி ரொக்கம் காட்ட வேண்டும் என்று 1908ல் உத்தரவு போட்டார்கள். லெபனான்காரரும் அதில் ஆசியாக்காரர்தான். புறப்பட்ட நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் நேரே வர வேண்டும் என்ற இன்னொரு விதியும் அதே வருஷம் வந்தது. இந்தியாவிலிருந்து நேரே போகும் கப்பல் இல்லாததால் நம்மவர்க்கு அது கதவடைப்பு. 1914ல் கோமகதா மாரு கப்பலில் வான்கூவர் துறைமுகம் வரை போன 376 பேரில் பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்பட்டதும் இந்தச் சட்டத்தில் அகப்பட்டுத்தான். கப்பலில் வந்தவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். அப்படிப்பட்ட நாட்டில் இவர்கள் காலூன்றினார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

நிற்க. ஷாபன் குடும்பத்துக்கு வருவோம்.

ஆல்பர்ட்டாவின் தென்கிழக்கில் ஹான்னா என்று ஒரு சிறு நகரம். அங்கே 1935 மார்ச் 30ந் தேதி லாரி ஷாபன் பிறந்தார். தகப்பனார் பெயர் ஆல்பர்ட் முஹம்மது ஷாபன். ஹான்னாவுக்கு வடக்கே என்டியாங் என்ற குக்கிராமத்தில் கடை வைத்திருந்தார். என்டியாங் என்பது ஒஜிப்வே என்ற பூர்வகுடிப் பாஷைச் சொல். "நாம் குடியிருக்கும் இடம்" என்பது போலப் பொருள். சபர் வந்தவனுக்கு இப்படி ஒரு ஊர் வாய்த்தது.

1930களில் அந்தப் பக்கம் கடை நடத்துவது எப்படி இருந்திருக்கும் என்று வியாபாரிகளாகிய நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உலகெங்கும் பொருளாதார மந்தம். கோதுமை விலை படுத்துவிட்டது. போதாததற்கு வருஷக் கணக்கில் மழையில்லை. மேல்மண் காற்றில் பறந்து வானம் கருத்தது. பண்ணைகளை அப்படியே போட்டுவிட்டு ஜனங்கள் ஊரை விட்டுப் போனார்கள். நிலைமை முற்றி, 1938ல் சர்க்கார் அந்தப் பிரதேசத்தையே "விசேஷப் பிரதேசம்" என்று சட்டம் போட்டுத் தன் நேர் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. அந்த நிர்வாகத்துக்குத் தலைமையிடம் ஹான்னாதான்.

அப்படிப்பட்ட ஊர்களில் மாவும் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் கடனுக்குக் கொடுத்து ஜனங்களை நிறுத்தி வைத்தவர்கள் ஊர்க் கடைக்காரர்களே. அறுவடையில் தருகிறேன் என்பான் விவசாயி. அறுவடையே இல்லாதபோது எதைத் தருவான்? பேரேட்டில் பற்று ஏறிக்கொண்டே போகும், வரவுப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கும். கடனை நிறுத்தினால் அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போகும். அது போனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளை குறையும், பிறகு பள்ளிக்கூடமே மூடும், கடைசியில் கடையும் மூடும். சிற்றூரில் கடைக்காரனின் ஐந்தொகையும் ஊரின் ஐந்தொகையும் ஒரே ஏட்டில் எழுதப்படுகின்றன. ஊர்ப்பொறுப்பு என்ற எண்ணம் இந்த மக்களுக்குக் கடைக்குள்ளேயே முளைத்தது என்று நான் நினைக்கிறேன்.

அதே 1938ம் வருஷம் டிசம்பர் 12ந் தேதி, மாகாணத் தலைநகரமான எட்மண்டனில் கனடாவின் முதல் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. அல் ரஷீது பள்ளிவாசல் என்று பெயர். இதை விட்டுவிட்டு ஆல்பர்ட்டா முஸ்லிம் வியாபாரிகளின் கதையைச் சொல்ல முடியாது. அதற்கு முன்னின்றவர் ஹில்வி ஹம்தோன் என்ற அம்மையார். லாலா கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். அவர் கணவர் அலி ஹம்தோன் தூர வடக்கே போர்ட் சிப்பவையன் என்ற இடத்தில் உரோமத் தோல் வியாபாரி. பிள்ளைகளின் படிப்புக்காக 1930களின் தொடக்கத்தில் எட்மண்டனுக்குக் குடிவந்தார்கள். வந்த இடத்தில் ஓதிக் கொடுக்கவும் ஜனாஸா தொழவும் இடமில்லை. அம்மையார் மற்றப் பெண்களோடு நகரத் தலைவர் ஜான் ஃப்ரையைப் பார்த்து நிலம் கேட்டார். கட்டப் பணம் இருக்கிறதா என்று அவர் கேட்க, திரட்டிவிடுவோம் என்றார். பிறகு பிரதான கடைவீதியான ஜாஸ்பர் அவென்யூவில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். கிறிஸ்தவ வியாபாரியும் கொடுத்தார், யூத வியாபாரியும் கொடுத்தார். மந்தக் காலத்தில், எதிரிக் கடைக்காரன் என்று பாராமல் கொடுத்தார்கள்.

கட்டிக் கொடுத்தவர் உக்ரேனிய வம்சத்துக் கட்டிடக்காரர். அவர் அதுவரை பள்ளிவாசலைக் கண்ணால் பார்த்ததில்லை. தமக்குத் தெரிந்த கிழக்கத்திய மாதாகோவில் பாணியிலேயே கட்டினார். படத்தைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும், கூடவே கண்ணும் கலங்கும். திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கியவர் அல்லாமா அப்துல்லா யூசுப் அலி அவர்கள். ஆம், நம் பள்ளிவாசல் அலமாரிகளில் இருக்கிறதே, அந்த ஆங்கிலக் குர்ஆன் தர்ஜமாவைச் செய்த அதே பெருமகனார்தான். விழாவை நடத்திக் கொடுத்தவர் ஹான்னா நகரத் தலைவர் ஷேக்கர் என்பவர். அவர் அரபு வம்சத்துக் கிறிஸ்தவர். அரபுக் குடும்பத்துப் பெயருள்ள ஒருவர் நகரத் தலைவராக இருந்த அந்த ஹான்னாவில்தான் மூன்று வருஷத்துக்கு முன் லாரி ஷாபன் பிறந்திருந்தார். அடுத்த தலைமுறைக்கு இதெல்லாம் வழிகாட்டாமல் போயிருக்குமா?

லாரி ஷாபன் என்டியாங்கில் வளர்ந்து, மேற்படிப்புக்கு எட்மண்டன் போனார். படித்தவர் உத்தியோகத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் 1960களின் பிற்பகுதியில் மனைவி மக்களோடு எட்மண்டனுக்கு வடமேற்கே 350 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஹை பிரெய்ரி என்ற ஊருக்குப் போய் மளிகைக் கடை வாங்கினார். மூவாயிரம் பேர் கூட இல்லாத ஊர். சுற்றிலும் பண்ணைக்காரர்கள், கிரீ மக்கள், மெட்டி என்ற கலப்பு வம்சத்தார். பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டாம் தலைமுறையும் கடையில்தான் உட்கார்ந்தது. ஆனால் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. கடைக்கு வருகிறவன் சர்க்கரை வாங்கும்போது சாலை சரியில்லை என்பான், தண்ணீர் வரவில்லை என்பான். கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் நகரசபை உறுப்பினரானார்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஏழெட்டு வருஷத்துக்கு முன் நான் கடை வைத்திருந்த வரிசையில் பதினொரு கடைகளுக்கு வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று அறிவிப்பு வந்தது. கருத்துக் கேட்க ஒரு கூட்டம் வைத்தார்கள். சனிக்கிழமை பகல் பதினொரு மணி. நல்ல வியாபார நேரம். நான் போகவில்லை. யாராவது பேசுவார்கள் என்று கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். மற்றப் பத்துப் பேரும் அப்படியே நினைத்தார்களாம். கூட்டத்தில் எங்கள் வரிசையிலிருந்து ஒரு குரலும் எழவில்லை. அன்றைய வியாபாரம் 640 வெள்ளி. அதை மட்டும் இன்னும் மறக்கவில்லை. நான்கு மாதத்தில் எல்லாரும் காலி செய்தோம். இரண்டு பேர் அதற்குப் பிறகு கடையே வைக்கவில்லை. "கடைக்காரனுக்கு ஊர்வேலை எதற்கு" என்று நம்மில் யாராவது சொல்லும்போது எனக்கு அந்தச் சனிக்கிழமை ஞாபகம் வருகிறது.

ஷாபன் அவர்கள் 1975ல் லெஸ்ஸர் ஸ்லேவ் லேக் தொகுதியில் நின்று ஆல்பர்ட்டா சட்டசபைக்குத் தேர்வானார். அவரைத் தேர்ந்தெடுத்த தொகுதியில் முஸ்லிம் ஓட்டை விரல் விட்டு எண்ணலாம். பின் வந்த மூன்று தேர்தல்களிலும் ஜனங்கள் அவரையே அனுப்பினார்கள். 1979ல் முதன்மந்திரி பீட்டர் லஹீட் அவரை மந்திரியாக்கினார். கனடாவில் மந்திரி பதவி வகித்த முதல் முஸ்லிம் அவரே. கொடுத்த இலாகா எரிவாயு, மின்சாரம் போன்ற பொதுச் சேவைகளும் தொலைபேசியும். கம்பி போய்ச் சேராத கோடியில் கடை வைத்திருந்தவருக்குப் பொருத்தமான இலாகா என்று சொல்ல வேண்டும். பிறகு வீட்டு வசதி, அதன்பின் 1986 முதல் பொருளாதார அபிவிருத்தியும் வர்த்தகமும். 1989 தேர்தலில் நிற்காமல் ஒதுங்கிக்கொண்டார்.

இடையில் ஒரு சோதனை. 1984 அக்டோபர் 19, வெள்ளிக்கிழமை இரவு. எட்மண்டனில் வாரவேலை முடிந்து ஹை பிரெய்ரிக்குத் திரும்பச் சிறு ஆகாய விமானம் ஒன்றில் ஏறினார். மொத்தம் பத்துப் பேர். எதிர்க்கட்சித் தலைவர் கிராண்ட் நாட்லியும் அதில் இருந்தார். கட்சி வேறாயினும் இருவரும் வடக்குப் பகுதியின் பிரதிநிதிகள். ஒரு காவலரும், அவர் வழக்குக்காக அழைத்துச் சென்ற ஒரு கைதியும் இருந்தார்கள். ஊர் நெருங்கும் சமயத்தில் விமானம் பனி மூடிய காட்டு மலையில் மோதி விழுந்தது. நாட்லி உட்பட ஆறு பேர் இறந்தார்கள். விமானி, ஷாபன், காவலர், கைதி ஆகிய நால்வர் மட்டும் பிழைத்தார்கள்.

ஷாபனுடைய மூக்குக் கண்ணாடி விழுந்து தொலைந்துவிட்டது. கண் தெரியாமல் பனியில் தடவித் தடவி நகர்ந்தார். அதிகமாகக் காயப்படாதவன் அந்தக் கைதிதான். காவலர் புறப்படுமுன் அவன் விலங்கைக் கழற்றியிருந்தார். அவன் ஓடிப் போயிருக்கலாம். ஓடவில்லை. சிதைவில் புதைந்து கிடந்த காவலரைத் தோண்டி இழுத்தான். நெருப்பு மூட்டினான். உறைபனியில் இராமுழுதும் விறகு பொறுக்கிப் போட்டு மற்றவர்களை உயிரோடு வைத்தான். மறுநாள்தான் மீட்புக்காரர்கள் வந்தார்கள். ஒரு மந்திரி, ஒரு விமானி, ஒரு காவலர், மூவரின் உயிரும் ஒரு கைதியின் கையில் இருந்த இரவு அது. வருகிறவனின் சட்டையைப் பார்த்துப் பேசுகிற கடைக்காரர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கலாம்.

அரசியலை விட்ட பின்னும் அவர் சும்மா இருக்கவில்லை. எட்மண்டன் முஸ்லிம்களின் பொதுக்காரியங்களிலும், பிற மதத்தாரோடு இணக்கமாக வாழும் வழிகளிலும் பாடுபட்டார். 2008 செப்டம்பர் 6ந் தேதி மர்ஹூமானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இப்போது நம் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். மூன்றாம் தலைமுறை கடைக்கு வந்ததா? மகள் கேரல் ஷாபன் பத்திரிகைக்காரரானார். மத்தியகிழக்கில் இருந்து செய்தி எழுதினார். அந்த விமான விபத்தையும் பிழைத்த நால்வரின் கதையையும் விசாரித்து ஒரு புத்தகம் எழுதி 2012ல் வெளியிட்டார். தகப்பனார் அதைப் பார்க்க இல்லை. கடையைப் பற்றிக் கேட்டால், பாட்டன் காலத்தோடும் தகப்பன் காலத்தோடும் அது போயிற்று. இதை நான் மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. கடை போனால் போனதுதான். பலகையில் பெயர் அழியும், வாடிக்கையாளர் வேறு வாசல் பார்ப்பார்கள், கூட வேலை செய்தவர்கள் கலைவார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்று எந்த வியாபாரியும் வாய் கூசாமல் சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பெண் செய்தது என்ன? விமானியையும் காவலரையும் கைதியையும் தகப்பனுக்குச் சமமாக நிறுத்தி, நால்வருக்கும் ஒரே தராசில் நிறுத்துக் கதை சொன்னார். தராசு பிடிக்கும் கை அந்தக் குடும்பத்தை விட்டுப் போகவில்லை என்று எனக்குப் படுகிறது. வேறு யாராவது வேறு விதமாகச் சொல்லலாம், நம் கூட்டத்தில் பேசுவோம். இறந்த நாட்லியின் மகளும் அரசியலுக்கு வந்தார். ராச்சேல் நாட்லி 2015 முதல் 2019 வரை ஆல்பர்ட்டாவின் முதன்மந்திரியாக இருந்தார். தகப்பனின் இடம் எந்த உருவத்தில் பிள்ளைக்குப் போகிறது என்பதை நாம் தீர்மானிப்பதில்லை போலும்.

பள்ளிவாசலின் கதையும் இவ்வாறே. ஜனம் பெருகி 1982ல் பெரிய பள்ளிவாசல் கட்டினார்கள். பழையது தேவையில்லாமல் கிடந்தது. 1980களின் இறுதியில் ஆஸ்பத்திரி விஸ்தரிப்புக்காக இடிக்கப்பட இருந்தது. அப்போதும் பெண்களே முன்வந்தார்கள். பணம் திரட்டி, கட்டிடத்தை அப்படியே பெயர்த்து வண்டியில் ஏற்றி, போர்ட் எட்மண்டன் பூங்கா என்னும் சரித்திரப் பூங்காவில் வைத்தார்கள். 1992ல் அங்கே திறக்கப்பட்டது. ஹில்வி ஹம்தோன் அம்மையாரின் பெயரால் எட்மண்டனில் ஒரு பொதுப் பள்ளிக்கூடம் 2017ல் திறக்கப்பட்டது. உரோமத் தோல் வியாபாரியின் மனைவி பெயரைத் தினமும் எல்லா ஜாதிப் பிள்ளைகளும் தங்கள் பள்ளிக்கூடத்தின் பெயராகச் சொல்லும்படி ஆயிற்று.

எழுதி முடித்துத் தாளை என் மகனிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொன்னேன். இரவு வேலைப் பயிற்சி முடித்து வந்தவன், நாஸ்தா கூட உண்ணாமல் உட்கார்ந்து படித்தான். மூன்று இடத்தில் எழுத்தைத் திருத்தினான். விபத்து வரும் இடத்தில் நிறுத்தி, "காயம்பட்ட ஆளைக் குளிரில் அப்படி இழுத்தால் முதுகெலும்புக்கு ஆபத்து அத்தா, ஆனால் அங்கே வேறு வழியில்லை" என்றான். பிறகு கடையைத் திறக்க என்னோடு நடந்து வந்து, பலகையைத் தூக்கி வைத்துவிட்டுப் படுக்கப் போனான்.